ஏழாவது காம்பரா

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கொழும்பிலிருந்து பேசியபோது, "என்னப்பா, கல்யாணப் பேச்ச எடுத்தாலே ஒங்க சத்தம் கொறைஞ்சு போகுது. வசந்திய ஒங்களுக்குப் புடிக்கலையா?" என்று கேட்டாய். காது சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி டெலிபோனை உன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டேன். காது நன்றாகத்தான் கேட்டது. வசந்தியைப் பிடிக்காமல் இல்லை. அந்தப் பிள்ளையைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். உனக்கு அவளைவிட நல்லவள் கிடைக்கமாட்டாள். ஆனால் அவள் கழுத்தில் நீ தாலி கட்டுவதற்கு முன்னால் அவளுடைய அப்பா எப்படிச் செத்தார் என்று உனக்குத் தெரிய வேண்டும். தோட்டத்து லயத்தில் நெருப்புப் பிடித்தது, மாரிமுத்து உள்ளே மாட்டிக்கொண்டார் என்று ஊருக்குத் தெரிந்தது உனக்கும் தெரியும். மீதி பதின்மூன்று வருஷமாக என்னிடமே இருக்கிறது. நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். வேலையில் இருந்த காலத்திலும் பதிவுப் புத்தகத்தில் சிங்களத்தில் இரண்டு வரி எழுதியதுதான். அதனால் சொல்வது முன்பின்னாக வந்தால் பொறுத்துக்கொண்டு கடைசிவரை படி.

நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது உன் அப்பாவின் வேலை சிவப்பு லொறியில் மணியடித்துக்கொண்டு போவது என்றுதான் நினைத்திருந்தாய். நகரசபைத் தீயணைப்பில் நான் சேர்ந்தபோது உனக்கு ஆறு வயது. தோட்டத்தில் பேர் பதிந்து தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு யூனிபோர்ம் கிடைத்தது என்று உன் அத்தை பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தாள். அக்கா என்று சொன்னாலும் என்னை வளர்த்தவள் அவள்தான், அது உனக்குத் தெரியும். முதல் மூன்று மாதம் நெருப்பைக் கண்ணாலும் பார்க்கவில்லை. விடியற்காலையில் புல்லில் பனி வெள்ளையாக உறைந்து கிடக்கும். சுருட்டிய ஹோஸைத் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடவேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு ஹோஸ் மூட்டுகளைப் பூட்டவேண்டும். இரும்பு ஏணியில் ஏறும்போது கை ஒட்டிக்கொள்ளும், அவ்வளவு குளிர். ஆளை ஆள் தோளில் போட்டுக்கொண்டு படியேறி இறங்குவோம். மேலே கிடக்கிறவன் காதுக்குள் பகிடி சொல்வான். சிரித்தால் இரண்டு பேரும் விழுவோம். பிறகு ஒரு தகரக் கொட்டகைக்குள் ஈர வைக்கோலைக் கொளுத்திப் புகை போட்டு, உள்ளே ஒரு சாக்கு மூட்டையை வைத்துவிட்டு, போய் எடுத்து வா என்பார்கள். தரையோடு தரையாக, இடது கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் ஊர்ந்து போகவேண்டும். நான் முதல் தடவை பாதியில் வாந்தியெடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் விஜேபால மஹத்தயா. கொத்மலைப் பக்கத்துக்காரர். அதட்டிப் பேசமாட்டார். அவர் சிங்களத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று உண்டு: "எந்தக் கதவையும் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுப் போகாதே. தட்டு, கூப்பிடு, புறங்கையை வைத்துப் பார். அதற்குப் பிறகுதான் ஆள் இல்லை என்று சொல்." நிலையத்தில் தமிழன் நான் ஒருவன்தான். அந்த நாட்களில் ரோட்டில் நிறுத்தி அடையாள அட்டை கேட்கும்போது யூனிபோர்ம் போட்டிருந்தாலும் என்னை மட்டும் இரண்டு தடவை பார்ப்பார்கள். அவர் ஒரு தடவையும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. தோட்டப்பக்கம் அழைப்பு வந்தால், "நீ என் பக்கத்தில் உட்கார். உன் சனங்கள் என்ன சொல்கிறார்கள் என்று எனக்கு நீதான் சொல்லவேண்டும்" என்று முன்சீட்டில் ஏற்றிக்கொள்வார்.

வேலை என்றால் பெரும்பாலும் காத்திருப்பதுதான். வாகனத்தைக் கழுவுவது, தாங்கியில் தண்ணீர் பார்ப்பது, நனைந்த ஹோஸைக் கோபுரத்தில் தொங்கவிட்டுக் காயவைப்பது, கரம் போர்ட் விளையாடுவது. மாசி பங்குனிக் காற்றில் மலைச்சரிவில் பத்தனைப் புல் பற்றிக்கொண்டால் மூன்று நாள் மலையிலேயே கிடந்து பச்சைக் கொப்பால் அடித்து அணைப்போம். மழைக்காலத்தில் மண்சரிவு, பள்ளத்தில் விழுந்த பஸ், நீர்த்தேக்கத்தில் மூழ்கிய ஆள், எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள். உனக்கு ஒன்பது வயதில், பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு வந்தாய் என்று உன்னைச் சந்தியிலேயே வைத்து அறைந்தேன். உன் உதடு கிழிந்தது. உன் அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அன்று காலையில் வட்டவளைக்குக் கீழே பஸ் விழுந்த பள்ளத்திலிருந்து உன் வயதுப் பையன்கள் இரண்டு பேரைக் கயிறு கட்டி மேலே கொண்டுவந்தேன். அதை வீட்டில் சொல்லத் தெரியவில்லை, அடிக்கத் தெரிந்தது. நாளைக்கு நீயும் ஒரு வீட்டுக்குப் பொறுப்பாளி. வெளியே பட்டதை உள்ளே வந்து வாயால் சொல்லப் பழகிக்கொள். சொல்லாமல் வைத்திருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது, அதுதான் என்னை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது.

அந்த நாளுக்கு வருகிறேன். மத்தியானம் பதினொன்றரை இருக்கும். கீழ்க்கணக்குப் பிரிவு லயம் எரிகிறது என்று தோட்ட ஒபிசிலிருந்து தகவல் வந்தது. நான் பிறந்த லயம். வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, அறைக்கு ஒரு குடும்பம், ஒரே கூரை. காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரை போகாது. மேலே கையகலத்துக்கு அதிகமான இடைவெளி இருக்கும். ஒரு வீட்டில் பிள்ளை அழுதால் நாலு வீட்டுக்குக் கேட்கும். நெருப்பும் அப்படித்தான், கூரைக்கடியில் மரத்தோடு மரமாக ஓடும். தோட்டத்து ரோட்டில் கடைசி வளைவுக்கு மேல் எங்கள் வாகனம் போகவில்லை. சின்னப் பம்பையும் ஹோஸையும் தோளில் சுமந்துகொண்டு தேயிலைக்குள்ளால் ஓடினோம். ஓடையிலிருந்து தண்ணீர் எடுத்து அடிக்கத் தொடங்கும்போது முதல் இரண்டு காம்பரா போய்விட்டது, மூன்றாவதின் கூரையில் புகை தள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஒரு நூல்போலத்தான் வந்தது.

அந்தமாதிரி நேரத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான். நெருப்புக்கு முன்னால் போய், இன்னும் பற்றாத ஒரு வீட்டின் தகரத்தைக் கழற்றி, மரத்தை வெட்டி இறக்கி, கூரையில் ஓர் இடைவெளி விடவேண்டும். நெருப்பு அங்கே வந்து நின்றுவிடும். விஜேபால மஹத்தயா ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஐந்தில் வெட்டு" என்றார்.

ஐந்தாவது உன் அத்தையின் வீடு. அவள் அன்று காய்ச்சலென்று மலைக்கு வேலைக்குப் போகவில்லை. இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், நின்றுகொண்டிருந்தாள். நான் கோடாரியோடு ஏணியைச் சாத்தப் போனபோது ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் வீட்ட ஒடைக்காதடா தம்பி. நெருப்பு இங்க வரல்ல, பாருடா. ஒன்ன கும்புடுறேன்" என்றாள். எனக்கு ஒன்பது வயதில் அம்மா செத்தபிறகு தன் சோற்றை எனக்குப் போட்டவள். தம்பி, ஒரு நொடிதான். நான் திரும்பி அதிகாரியிடம் சிங்களத்தில் சொன்னேன்: "சேர், இந்த வீட்டுக் கூரை போன வருஷம் புது மரம் போட்டது. வெட்ட நேரமெடுக்கும். எட்டாவதில் உளுத்த மரம், சீக்கிரம் இறக்கிவிடலாம்." பொய். இரண்டிலும் ஒரே பழைய மரம்தான். ஐந்துக்கு வருவதற்குள் தண்ணீரால் அணைத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. அவர் கேட்டார்: "ஐந்து, ஆறு, ஏழில் ஆள்?" ஆறாவது வீடு திறந்து கிடந்தது, சாமான்களை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஏழாவது மாரிமுத்துவின் வீடு, வெளியே பூட்டுத் தொங்கியது. அவரும் அவர் பெண்சாதி பாக்கியமும் வேலைக்குப் போயிருப்பார்கள், வசந்தி பள்ளிக்கூடம் போயிருப்பாள் என்று நினைத்தேன். "ஆள் இல்லை சேர், பூட்டியிருக்கு" என்றேன். "நிச்சயமா?" என்றார். "நிச்சயம்" என்றேன். நான் அந்தக் கதவைத் தட்டவில்லை.

மாரிமுத்துவுக்கு அந்த மாதம் தேயிலை ஸ்டோரில் இராக்காவல். பகலில் தூங்குவார். லயத்துப் பிள்ளைகள் கதவைத் தட்டி எழுப்பிவிடுகிறார்கள் என்று பாக்கியம் வெளியே பூட்டிவிட்டுத்தான் மலைக்குப் போவாள். அந்த லயத்தில் பிறந்த எனக்கு அது தெரியாது. டவுனில் யூனிபோர்ம் போட்டுக்கொண்டு ஐந்து வருஷமாகியிருந்தது எனக்கு.

எட்டாவதின் மரத்தில் கோடாரி துள்ளியது. அவ்வளவு உறுதி. விஜேபால மஹத்தயா வெட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி வெட்டினார். நெருப்பு எட்டில் நின்றது. நாலு காம்பராக்கள் தப்பின என்று சனங்கள் எங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்தார்கள். நான் காப்பாற்ற நினைத்த உன் அத்தையின் வீடு தரைமட்டம். தையல் மெசினும் போயிற்று. அப்போதுதான் மலையிலிருந்து பாக்கியம் ஓடிவந்தாள். கொழுந்துக் கூடை தலையில் மாட்டியபடியே இருந்தது. சேலை முந்தியில் முடிந்திருந்த சாவியை அவிழ்த்துக்கொண்டே, "அவரு உள்ள இருக்காரு, அவரு உள்ள இருக்காரு" என்று கத்தினாள். ஏழாவதின் கூரை பாதிதான் எரிந்திருந்தது. பூட்டைத் திறந்து நான்தான் உள்ளே போனேன். புகைதான் அவரைக் கொன்றிருந்தது. பயிற்சியில் சிரித்துச் சிரித்துப் பழகியதுபோலவே அவரைத் தோளில் போட்டு வெளியே கொண்டுவந்தேன். பாக்கியம் அழவில்லை. சாவி இருந்த தன் கையையே பார்த்துக்கொண்டு, "நாந்தானே பூட்டினேன்... நாந்தானே பூட்டினேன்" என்றாள். அதை லயமே கேட்டது. "படுத்தபடியே போயிட்டாரு தங்கச்சி, அவருக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது" என்றேன். அவளுக்குச் சொல்ல என்னிடம் இருந்தது அவ்வளவுதான். அதுவும் பொய்.

விசாரணையில் எட்டாவதில் வெட்டியது யார் முடிவு என்று கேட்டார்கள். "என் முடிவு" என்று விஜேபால மஹத்தயா எழுதிக் கொடுத்தார். அதனால் அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. ஓய்வு பெற்றுப் போகிற அன்று என்னைக் கோபுரத்தடிக்குக் கூப்பிட்டார். "உன்னைக் காப்பாற்ற நான் அதை எழுதவில்லை. அடுத்த லயம் எரியும்போது அந்தச் சனங்களின் பாஷை தெரிந்த ஒருவன் வேண்டும், அதற்காக எழுதினேன். ஆனால் அந்த அம்மாவிடம் நீ சொல்லவேண்டும். அதை உனக்காக நான் சொல்ல முடியாது" என்றார். சரி சேர் என்றேன். அவர் செத்து நாலு வருஷமாகிறது. நான் சொல்லவில்லை.

சொல்லாமல் வேறு என்னென்னவோ செய்தேன். மாதத்துக்கு ஒரு ஞாயிறு உன்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனேனே, எதற்கென்று இப்போது புரியும். வசந்திக்குப் பள்ளிக்கூடக் கொப்பியும் சப்பாத்தும் கொண்டுபோனேன். அவளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அலைந்தேன். புது வீட்டுக்குத் தகரம் ஏற்றினேன். நீயும் அவளும் தண்ணீர்ப் பீலிக்கரையில் விளையாடிக்கொண்டிருப்பீர்கள். பாக்கியம் தேத்தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு, "கூடப்பொறந்த பொறப்பு கூட இப்பிடிப் பாக்காது அண்ணே" என்பாள். லயத்தில் சண்டை வந்தால், "புருசன பூட்டி வச்சிக் கொன்னவதானே நீ" என்று எவளாவது ஒருத்தி சொல்வாள். அதை என் காதால் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். அந்த நாளிலிருந்து அவள் எந்தக் கதவையும் பூட்டியதில்லை என்பது உனக்கும் தெரியும். டவுனுக்குப் போனாலும் வீடு திறந்தே கிடக்கும். நீ சின்ன வயதில், "ஏம்பா, இவுங்க வீட்டுக்குப் பூட்டே இல்லையா?" என்று கேட்டாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தேன்.

ஐந்தில் வெட்டியிருந்தாலும் நெருப்பு முந்தியிருக்கலாம் என்று வருஷக்கணக்காக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருக்கலாம். ஆனால் கதவைத் தட்டியிருந்தால்? உன் அத்தை சாகும் முன்னால் ஒருநாள், "அன்னைக்கு நீ ஒடைச்சிருந்தா சாமானயாவது வெளிய எடுத்திருக்கலாம்டா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னாள்.

இரண்டு மாதத்துக்கு முன் நீ வசந்தியைக் கட்டிக்கொள்கிறேன் என்றதும் உன் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. பாக்கியம் வெற்றிலைத் தட்டோடு நம் வீட்டுக்கு வந்து, "வெளியவா குடுக்குறேன்? எங்க அண்ணன் மகனுக்குத்தானே குடுக்குறேன்" என்றாள். அக்காவுக்காகப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் தாலி அறுத்தவள் என்னை அண்ணன் என்கிறாள். அன்று சோற்றை அப்படியே மூடி வைத்தேன். நெஞ்சில் பழைய புகை, மழைக்கு அப்படித்தான் இருக்கும் என்று உன் அம்மா கசாயம் வைத்தாள்.

போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு தனியாகப் போனேன். பாக்கியம் வாசலில் உட்கார்ந்து போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொன்னாள், உட்காரவில்லை. சொல்லி முடித்தபோது அவள் கையில் கத்தி அப்படியே நின்றிருந்தது.

"அஞ்சாவது ஒங்க அக்கா வீடு."

"ஆமா."

"ஏழாவது எங்க வீடு."

"ஆமா தங்கச்சி."

கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு, "நான் பூட்டினதாலதான் அவரு செத்தாருன்னு நீங்களும் நெனைச்சீங்களா?" என்றாள்.

"இல்ல."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

அவள் சத்தம் போடவில்லை. "நெருப்புக்கு முன்னால நிக்கிற மனுசன் பயத்துல என்ன வேணும்னாலும் செஞ்சிருவான். அக்கா கையப் புடிச்சா யாருக்கும் மனசு எளகும். அத நான் பொறுத்துக்குவேன். ஆனா பதிமூணு வருசமா இந்தக் கையால சோறு திங்கவே எனக்குக் கூசுச்சு. அதப் பாத்துக்கிட்டே எங்க வீட்டுத் தேத்தண்ணிய குடிச்சிட்டுப் போனீங்களே, அத எப்பிடிப் பொறுக்குறது?" என்றாள். பிறகு, "போங்க" என்றாள். எப்போதும் சொல்கிறமாதிரி போயிட்டு வாங்கண்ணே என்று சொல்லவில்லை. நான் படி இறங்கும்போதுதான் பின்னாலிருந்து, "ஒங்க மகன்கிட்ட நீங்களே சொல்லுங்க. எம்மககிட்ட நான் சொல்லுறேன். அதுங்க முடிவு பண்ணட்டும்" என்றாள்.

முந்தாநாள் உன் அம்மாவிடம் சொன்னேன். அழுதாள். அழுதுவிட்டு, "பயகிட்ட டெலிபோன்ல சொல்லாதீங்க, எழுதுங்க. ஒரு தடவைக்கு ரெண்டு தடவ படிக்கட்டும்" என்றாள். இரண்டு நாளாகக் கடதாசியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இன்று காலை வசந்தி வந்தாள். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போகிற சேலையோடு, கையில் குடையோடு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கண் வீங்கியிருந்தது. திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்க அப்பாவ நீங்கதானே வெளிய தூக்கிட்டு வந்தீங்க. அவரு கட்டில்ல இருந்தாரா, கதவுகிட்ட இருந்தாரா?" என்று கேட்டாள். அவளுடைய அம்மாவுக்குச் சொன்னதையே அவளுக்கும் சொல்லிவிட நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இனிமேல் அந்தப் பிள்ளையிடம் ஒரு பொய்கூடச் சொல்ல முடியாது என்று தோன்றியது. "கதவுகிட்ட, தாயி" என்றேன்.

அவள் குடைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் வருகிற சத்தம் கேட்டது. படியிறங்கப் போனவள் திரும்பி, "அம்மாகிட்ட இத மட்டும் சொல்லிறாதீங்க, மாமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனபிறகுதான் எனக்கு எழுத வந்தது. அவள் என்ன முடிவெடுப்பாள் என்று எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றால் அவளைக் கோபிக்காதே, எனக்காக வாதாடவும் போகாதே. கதவுகிட்ட இருந்தார் என்பதை அவள் இன்று தனியாகச் சுமந்துகொண்டு வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னால் நின்றிருப்பாள். லீவு கேட்டுக்கொண்டு புறப்பட்டு வா. ஆனால் முதலில் நம் வீட்டுக்கு வராதே, தம்பி. அவளிடம் போ.

அப்பா